வீட்டுச் சமையலறையிலிருந்து விற்பனைக்கு: உரிமம் கேட்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வாசகர் கேள்வி: வீட்டிலேயே கேக், பிஸ்கட், பழ ஜாம், எண்ணெயில் ஊறவைத்த பூண்டு ஆகியவற்றைச் செய்து ஓராண்டாக நண்பர்களுக்குக் கொடுத்து வருகிறேன். வார இறுதியில் இருபது பேருக்குச் சமைத்த சாப்பாடும் அனுப்புகிறேன். இப்போது முன்பின் அறியாதவர்களும் பணம் கொடுத்து வாங்கக் கேட்கிறார்கள். வீட்டில் செய்து விற்க உரிமம் எதுவும் வேண்டியதில்லை என்கிறார் ஒருவர். தனிச் சமையலறை கட்டாவிட்டால் அதிகாரிகள் மூடிவிடுவார்கள் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? எங்கிருந்து தொடங்குவது? வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உடம்பு சரியில்லாத நாளில் ஆர்டர் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எண்ணெயில் ஊறவைத்த பூண்டை யார் யாருக்குக் கொடுத்தீர்களோ அவர்கள் அனைவரையும் இன்றே அழைத்து, புட்டியில் மிச்சம் இருந்தால் சுவைத்துக்கூடப் பார்க்காமல் எறிந்துவிடச் சொல்லுங்கள். ஓராண்டாக யாருக்கும் எதுவும் ஆகவில்லையே என்று உங்களுக்குத் தோன்றலாம். அது உங்கள் நல்வாய்ப்பு என்றே நான் கருதுகிறேன். பூண்டு மண்ணுக்குள் விளைவது. மண்ணில் இயல்பாகவே இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் அதில் ஒட்டியிருக்கக்கூடும். அந்த வித்துகள் கொதிநீரின் 100 டிகிரி வெப்பத்திலும் சாவதில்லை. காற்று இல்லாத இடம், போதிய ஈரம், குறைந்த அமிலம், அறை வெப்பநிலை ஆகிய நான்கும் ஒன்றுகூடும்போது அவை முளைத்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்குகின்றன. எண்ணெயில் மூழ்கி அலமாரியில் நிற்கும் பூண்டுக்கு இந்த நான்கும் குறைவின்றிக் கிடைத்துவிடுகின்றன. நஞ்சு உண்டானாலும் மணத்திலோ நிறத்திலோ மாற்றம் தெரியாமல் போகலாம் என்பதுதான் இதில் மிகவும் கொடியது.

கனடாவின் வான்கூவர் நகரில் 1985ஆம் ஆண்டு ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர், இந்த நஞ்சால் வரும் பாட்டுலிசம் நோய்க்கு ஆளானார்கள். காரணம், குளிர்பதனம் செய்யாமல் வைத்திருந்த, எண்ணெயிலிட்ட நறுக்கிய பூண்டு. அந்தப் புட்டிகள் தொழில்முறையாகத் தயாரித்து விற்கப்பட்டவை என்பதையும் கவனியுங்கள். நீங்கள் கொடுத்ததைச் சாப்பிட்டவர்களில் யாருக்காவது பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, இமை தானாகத் தாழ்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ உடனே மருத்துவமனைக்குச் சென்று, இன்ன உணவைச் சாப்பிட்டேன் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் முதல் கேள்வி. உங்களிடம் பேசிய இருவருமே பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். வீடு என்பதாலேயே சட்டம் விலகிக்கொள்ளும் நாடு அரிது. வீடு என்பதாலேயே அடியோடு தடை என்பதும் பல நாடுகளில் இல்லை. சட்டம் பார்ப்பது நீங்கள் என்ன உணவைச் செய்கிறீர்கள், எவ்வளவு செய்கிறீர்கள், யாருக்கு எந்த வழியில் விற்கிறீர்கள் என்பதையே. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் வீட்டுத் தயாரிப்புச் சட்டங்கள், அலமாரியில் வைத்தாலும் கெடாத பிஸ்கட், ரொட்டி, ஜாம் போன்றவற்றைப் பொதுவாக எளிய நிபந்தனைகளோடு அனுமதிக்கின்றன. குளிரில் வைத்தே தீர வேண்டிய உணவுகளைப் பல மாநிலங்கள் அந்தச் சலுகைக்கு வெளியே நிறுத்துகின்றன. பிரிட்டனில் இப்படிப்பட்ட பட்டியல் பிரிவினை இல்லை. வீட்டிலிருந்து நடத்தினாலும், தொடங்குவதற்குக் குறைந்தது 28 நாட்களுக்கு முன் உள்ளாட்சி மன்றத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்ய வேண்டும். அதன்பின் உணவுத் தொழிலுக்கு உரிய சுகாதார விதிகள் உங்கள் சமையலறைக்கும் பொருந்தும். நீங்கள் வாழும் இடத்து விதி இவற்றில் எதை ஒத்திருந்தாலும், சொல்வழக்கில் ‘லைசென்ஸ்’ என்று ஒரே பெயரால் நாம் குறிப்பிடுவது உண்மையில் இரண்டு என்பதை மனத்தில் வையுங்கள். இன்னார் இன்ன இடத்தில் இன்ன உணவு செய்கிறார் என்று அரசின் ஏட்டில் ஏறுவது பதிவு. அதிகாரி வந்து பார்த்து, நிபந்தனைகள் நிறைவேறியிருக்கின்றன என்று ஒப்புக்கொண்ட பிறகு கிடைப்பது உரிமம். சிறிய அளவில், ஆபத்துக் குறைந்த உணவு செய்பவருக்குப் பெரும்பாலும் பதிவே போதுமானதாக இருக்கும். அளவோ ஆபத்தோ கூடும்போது உரிமம் தேவைப்படும்.

ஆகவே எந்தப் படிவத்தை நிரப்புவது என்பதிலிருந்து தொடங்காதீர்கள். எந்தெந்த உணவை விற்கப்போகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பட்டியலை எழுதி முடித்ததும், ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இதில் கிருமிக்குக் கிடைக்கும் நீர் எவ்வளவு? அமிலம் எவ்வளவு? செய்து முடித்த நேரத்திலிருந்து வாயில் போடும் நேரம் வரை இது எந்த வெப்பநிலையில் எத்தனை மணி நேரம் இருக்கும்? நான் ஆய்வாளராக இருந்த ஆண்டுகளிலும், பின்பு ஆலோசகராக இருக்கும் இந்நாட்களிலும், விண்ணப்பம் சிக்கிக்கொண்டு தவித்தவர்களில் பெரும்பாலோர் இந்த மூன்றில் ஒன்றுக்கு விடை சொல்ல முடியாமல் நின்றவர்களே.

உங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். பிஸ்கட்டில் கிருமி வளர நீர் போதாது. உணவிலுள்ள நீரில் கிருமிக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைக் காட்ட, தூய நீரை 1 என வைத்து நீர்ச் செயல்பாடு என்ற அளவு ஒன்றைப் பயன்படுத்துகிறோம். அது 0.85க்குக் கீழே இருந்தால் நோய் தரும் பாக்டீரியாக்கள் வளர்வதில்லை என்ற அடிப்படையில்தான் பல நாட்டு விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. நன்கு சுட்டெடுத்த பிஸ்கட் அதற்கு வெகு கீழே இருக்கிறது. வெறும் கேக்கும் பொதுவாகச் சிக்கல் தராதது. ஆனால் அதே கேக்கின் நடுவே கஸ்டர்டோ, பாலேடோ, புதிய பழமோ சேர்ந்த கணமே அது வேறு வகை உணவாகிவிடுகிறது, குளிர்பதனம் கட்டாயமாகிறது, சில இடங்களில் உரிமத்தின் வகையே மாறுகிறது. ‘கேக்’ என்று ஒரே சொல்லை விண்ணப்பத்தில் எழுதிவிட்டுப் பின்னர் பாலேடு கேக்கை விற்பவர்கள் அகப்பட்டுக்கொள்வது இங்கேதான். எனவே எந்த நிரப்பு, எந்த மேல்பூச்சு என்பதுவரை எழுதிக் கொடுங்கள்.

பழ ஜாமைக் காப்பது சர்க்கரையும் அமிலமும் சேர்ந்துதான். அமிலத்தை அளக்கும் பிஎச் என்ற அளவில் எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள். அந்த அளவு 4.6க்குக் கீழே இருந்தால் நான் முன்னே சொன்ன பாட்டுலினம் முளைக்க முடியாது. பெரும்பாலான பழங்கள் இயல்பாகவே அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன. ஆனால் எல்லாப் பழமும் அப்படி இல்லை. வாழைப்பழம், நன்கு பழுத்த மாம்பழம், அத்திப்பழம் ஆகியவை அந்தக் கோட்டுக்கு அருகிலோ மேலேயோ நிற்கக்கூடியவை. இனிப்பைக் குறைத்துச் செய்து தரச் சொல்லி வாடிக்கையாளர் கேட்டால் அது சுவையை மட்டும் பொறுத்த விஷயமன்று. சர்க்கரையைக் குறைக்கும்போது ஜாமின் ஒரு காவலைக் கழற்றுகிறீர்கள். திறந்த புட்டியில் பூஞ்சை சீக்கிரமே படரும். அப்படிச் செய்வதானால் குளிர்பதனத்தில் வைக்கச் சொல்லி, குறுகிய காலக்கெடு கொடுத்துத்தான் விற்க வேண்டும்.

அமிலத்தை நம்பிச் செய்யும் எதற்கும் ஒரு பிஎச் மீட்டர் வாங்கிவிடுங்கள். நிறம் மாறும் காகிதப் பட்டை 4.3க்கும் 4.7க்கும் உள்ள வேறுபாட்டைத் திட்டமாகக் காட்டாது. நமக்கோ அந்த வேறுபாடுதான் முக்கியம். மீட்டரை ஒவ்வொரு முறையும் 4, 7 ஆகிய இரு அளவுக் கரைசல்களில் சரிபார்த்த பின்பே பயன்படுத்த வேண்டும். காய்த்துண்டுகள் மிதக்கும் ஊறுகாயாக இருந்தால் மேலே நிற்கும் சாற்றை மட்டும் அளக்காதீர்கள். ஒரு நாள் கழித்துச் சாற்றை வடித்துவிட்டுத் துண்டுகளை மட்டும் அரைத்து அளக்கும்போதுதான் வினிகர் துண்டின் நடுவரை ஊறியிருக்கிறதா என்பது தெரியும். செய்முறையில் காயைக் கூட்டி வினிகரைக் குறைத்தால் பழைய அளவீடு செல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி வார இறுதிச் சாப்பாடு. உங்கள் பட்டியலில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது, பூண்டுக்கு அடுத்தபடியாக, இதுவே. வீட்டில் நான்கு பேருக்குச் சமைக்கும் கைப்பக்குவம் இருபது பேருக்குச் சமைக்கும்போது அப்படியே செல்லுபடியாகாது. குறை சுவையில் இராது, பாத்திரத்தின் அளவில் இருக்கும். ஒரு முறை ஆய்வுக்குப் போன வீட்டில் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தபோது கீழ்த்தட்டில் பெரிய அலுமினியப் பாத்திரம் ஒன்று மூடியோடு இருந்தது. முந்தைய இரவு பத்து மணிக்குச் சமைத்து வைத்த பருப்புக் குழம்பு அது. அந்த அம்மையார் மிகத் தூய்மையானவர். மேடையில் ஒரு துளி ஈரம்கூட இல்லை. பாத்திரத்தின் வெளிப்புறம் தொட்டால் சில்லென்று இருந்தது. வெப்பமானியைக் குழம்பின் நடுவே இறக்கிச் சற்றுப் பொறுத்துப் பார்த்தேன், 27 டிகிரி. அப்போது காலை எட்டரை மணி. இடைப்பட்ட பத்தரை மணி நேரத்தின் பெரும்பகுதியும் அந்தக் குழம்பின் நடுப்பகுதி கிருமிகளுக்கு உகந்த வெதுவெதுப்பிலேயே இருந்திருக்கிறது. அவர் வெப்பமானியை வாங்கித் தானே ஒரு முறை இறக்கிப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினார்.

உகந்த சூழலில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். அந்தக் கணக்கில் ஒன்று ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையை உலக சுகாதார நிறுவனம் ஆபத்தான எல்லையாகக் குறிப்பிடுவதும், சமைத்த உணவை அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். சுடச்சுட அனுப்பும் உணவு 60 டிகிரிக்கு மேலேயே இருக்கட்டும். ஆறவைத்து அனுப்புவதானால், சூடான நிலையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறங்க வேண்டும் என்பது தொழிலில் கைக்கொள்ளும் அளவு. குழம்பை அகலமான தட்டையான பாத்திரங்களில் இரண்டு அங்குல ஆழத்துக்கு மேற்படாமல் பிரித்து, பனிக்கட்டி நீரில் வைத்துக் கிளறினால் இது எளிதாகவே கைகூடும். ஆழமான பாத்திரத்தில் ஒருபோதும் கைகூடாது.

மறுபடி கொதிக்க வைத்தால் போதாதா என்று பலரும் கேட்பார்கள். சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியும், நம் கைப்புண்ணிலிருந்து உணவுக்குள் இறங்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியும் விட்டுச்செல்லும் சில நச்சுகள் கொதித்தாலும் அழிவதில்லை. கிருமி செத்தாலும் அது விட்டுப்போனது வாந்தியை வரவழைக்கும். ஆகவே சரிவர ஆறவைக்காத உணவை மறுநாள் சூடுகாட்டி மீட்டெடுக்க முடியாது. உங்களால் செலவிட முடிகிற முதல் தொகையில் அலங்காரப் பெட்டிகள் வாங்குவதற்கு முன் முனையுள்ள உணவு வெப்பமானி ஒன்றை வாங்குங்கள் என்று எல்லோரிடமும் நான் வற்புறுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

தனிச் சமையலறை வேண்டுமா என்பது உங்கள் ஊர் விதியைப் பொறுத்தது. தனி அறை கேட்காத இடங்களிலும் தனி நேரம் கட்டாயம் என்பேன். விற்பனைக்குச் செய்யும் மணி நேரங்களில் வீட்டுக்கான சமையலும், பிள்ளைகளின் நடமாட்டமும், துணி துவைப்பதும், வளர்ப்புப் பிராணிகளும் அந்த அறைக்குள் இருக்கக் கூடாது. விற்பனைக்கான மாவும் சர்க்கரையும் மூடிய கொள்கலன்களில் தனித் தட்டில் இருக்கட்டும். பச்சை இறைச்சிக்கும் சமைத்ததற்கும் வெவ்வேறு வெட்டுப்பலகைகள் வேண்டும். அதிகாரிகள் வந்ததும் முதலில் பார்ப்பது பெரும்பாலும் கை கழுவும் இடத்தைத்தான். பாத்திரம் குவிந்த தொட்டியிலேயே கையையும் கழுவ வேண்டியிருந்தால், எவ்வளவு பெரிய சமையலறையாக இருந்தாலும் அது குறையே. சோப்பும், துடைக்க ஒருமுறைக் காகிதமும் அங்கேயே இருக்க வேண்டும். கிணற்று நீரோ ஆழ்துளை நீரோ பயன்படுத்தினால் ஆய்வகச் சான்று கேட்பார்கள். அதை விண்ணப்பத்துக்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீடாக இருந்தால் ஒப்பந்தத்தில் தொழில் நடத்தத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக் காப்பீடு தொழிலால் வரும் இழப்பைப் பொதுவாக ஏற்பதில்லை என்பதால், வாடிக்கையாளருக்குத் தீங்கு நேர்ந்தால் பொறுப்பேற்கும் தனிக் காப்பீட்டையும் விசாரியுங்கள்.

லேபிளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் முகமறியாதவர் வாங்கும்போது உங்கள் வாய்க்குப் பதிலாகப் பேசுவது அதுதான். நண்பர் உங்களைக் கேட்டு அறிந்துகொள்வார். அறிமுகமில்லாதவருக்கு அந்த வசதி இல்லை. உணவின் பெயர், எடையில் மிகுந்ததிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் சேர்மானங்கள், நிகர எடை, செய்த தேதி, காலக்கெடு, வைக்கும் முறை, உங்கள் பெயரும் முகவரியும் ஆகியவை பொதுவாக எதிர்பார்க்கப்படுபவை. பதிவு எண்ணையும் அச்சிட வேண்டிய நாடுகள் உண்டு. இவற்றிலெல்லாம் உயிரோடு நேரடித் தொடர்புடையது ஒவ்வாமைக் குறிப்பு. பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை, மரக்கொட்டைகள், சோயா, மீன், ஓட்டுடலிகள் ஆகியவற்றோடு, 2023 முதல் எள்ளையும் அமெரிக்கா கட்டாயப் பட்டியலில் சேர்த்து ஒன்பதாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் 14 இருக்கின்றன. பிரிட்டனில் 2016ஆம் ஆண்டு, ரொட்டியின் மாவுக்குள்ளேயே கலந்திருந்த எள் உறையில் குறிப்பிடப்படாததால், எள் ஒவ்வாமை கொண்ட 15 வயதுப் பெண் ஒருத்தி அதைச் சாப்பிட்டு இறந்தாள். கடையிலேயே செய்து உறையிட்டு விற்கும் உணவுக்கும் முழுச் சேர்மானப் பட்டியல் வேண்டும் என்ற விதி 2021 அக்டோபரில் அங்கே நடைமுறைக்கு வந்தது அந்தச் சாவுக்குப் பிறகுதான். உங்கள் சமையலறையில் கடலை பிஸ்கட்டும் வெறும் பிஸ்கட்டும் ஒரே தட்டில் வேகின்றன என்றால், வெறும் பிஸ்கட்டின் லேபிளிலும் அந்த எச்சரிக்கை இருக்க வேண்டும். ‘கடலை இல்லாதது’ என்று யார் வற்புறுத்திக் கேட்டாலும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பொருளின் கம்பெனியை மாற்றினால், உதாரணமாக வேறு சாக்லேட் வாங்கினால், அதன் உறையை மறுபடி படித்து உங்கள் லேபிளைத் திருத்துங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். தேதி, என்ன செய்தீர்கள், எத்தனை, எந்த மாவு எந்த வெண்ணெய் என்ற தொகுதி எண், அளந்த வெப்பநிலை அல்லது பிஎச், யாருக்குப் போயிற்று. இதை எழுத நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். வாங்கிய மாவில் குறை இருப்பதாக நாளை ஓர் அறிவிப்பு வந்தால், எந்த வீடுகளுக்கு அது போயிருக்கிறது என்று உங்களால் அரை மணி நேரத்தில் சொல்ல முடியும். இன்று பூண்டுப் புட்டிகளுக்காக நினைவிலிருந்து ஒவ்வொருவரையும் தேடி அழைக்கும்போது இதன் அருமை உங்களுக்கே தெரியும்.

என் ஆலோசனை, முதல் ஆறு மாதங்களுக்குப் பிஸ்கட், வெறும் கேக், அமிலம் மிகுந்த பழங்களின் ஜாம் ஆகிய மூன்றை மட்டும் வைத்துப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். அதற்குள் உணவு கையாளும் அடிப்படைப் பயிற்சி ஒன்றை முடித்துவிடுங்கள், பல இடங்களில் அது எப்படியும் கட்டாயம். சாப்பாடு அனுப்புவதை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். பணம் வாங்கவில்லை என்பது மட்டுமே எல்லா நாட்டிலும் விலக்காகிவிடாது. அலுவலகத்துக்குப் போகும்போது “எனக்கு லைசென்ஸ் வேண்டும்” என்று கேட்காமல், உணவுப் பட்டியல், ஒவ்வொன்றின் செய்முறை, சமையலறையின் கைவரைபடம், மாதிரி லேபிள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போய், “இவற்றுக்கு என்ன அனுமதி வேண்டும்?” என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரியைப் பகையாக எண்ண வேண்டாம். நாங்கள் போகும் இடங்களில் குறைகள் இருப்பது வழக்கம்தான். அதைச் சொன்னதும் குறித்துக்கொண்டு, எந்தத் தேதிக்குள் சரிசெய்வேன் என்று சொல்பவருக்குப் பெரும்பாலும் அவகாசம் கிடைக்கவே செய்யும்.

கடைசியாகப் பிள்ளைகளைப் பற்றிய கேள்வி. வாந்தியோ வயிற்றுப்போக்கோ உங்களுக்கு வந்தால், அது முற்றிலும் நின்ற பிறகு 48 மணி நேரம் வரை விற்பனைக்கான உணவைத் தொடாதீர்கள். நோரோ வைரஸ் போன்றவை உடம்பு தேறிய பின்னும் வெளியேறிக்கொண்டிருக்கும், மிகச் சிறிய அளவே அடுத்தவரை நோயில் தள்ளப் போதுமானது. பிள்ளைக்கு வந்தால், அவனைத் துடைத்துத் தூக்கிப் பார்ப்பதும் நீங்கள், மாவு பிசைவதும் நீங்கள் என்பதால் அதே 48 மணி நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் வாங்கும்போதே, வீட்டில் நோய் என்றால் ஆர்டர் தள்ளிப்போகும் அல்லது பணம் முழுதும் திரும்பும் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தக் காலையில் பிள்ளை ஒரு பக்கமும் பிறந்தநாள் கேக் ஒரு பக்கமுமாக நீங்கள் தடுமாற வேண்டியிராது. வாடிக்கையாளரை அழைத்துக் காரணத்தை உள்ளபடியே சொல்லிவிட்டுப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம்.